சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள்

போன மாதம் ஒரு கல்லூரி விழாவில் மாணவர்கள் உரக்கடை போட்டிருந்தார்கள். விடுதி மெஸ் கழிவில் செய்தது, கிலோ கணக்கில் நிறுத்துக் கொடுத்தார்கள். திறந்திருந்த சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டேன். நடுவில் வெந்நீர்ச் சூடு.

"எத்தனை நாள் ஆச்சு தம்பி?"

"முப்பத்தஞ்சு நாள்ண்ணா. ஸ்டார்ட்டர் பொடி போட்டிருக்கோம்."

ஸ்டார்ட்டர் என்பது குவியல் சீக்கிரம் மக்கப் போடும் நுண்ணுயிர்ப் பொடி. 8 வருடத்துக்கு முன்னால் நானும் கேட்டவர்களுக்கெல்லாம் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மெஸ் கழிவில் உரம் செய்து விற்கும் மாணவர் குழுக்கள் மாட்டிக்கொள்ளும் தவறுகள் சில கீழே.

பிளாஸ்டிக்கைப் பொறுக்காமல் கொட்டுவது, குவியலைக் கிளறாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. ஒரு வாரம் நாறினால், விடுதி வார்டனே வந்து சொல்லிக்கொடுத்துவிடுவார்.

ஆறாத உரத்தை விற்பது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். அப்போது நான் மூன்றாம் ஆண்டு. சமூகத் தொழில்முனைவோர் போட்டி ஒன்றுக்கு விற்பனைக் கணக்கு காட்ட வேண்டியிருந்தது. குவியலுக்கு 38 நாள் ஆகியிருந்தது. கறுப்பாக, சலித்தால் உதிரியாக, பார்க்க அருமையாக இருந்தது. பையில் அடைத்து மாடித்தோட்டக்காரர்களுக்கு விற்றோம். 10 நாளில் ஒரு அக்கா போன் செய்தார். "விதை போட்டு நானே வளர்த்த தக்காளி நாத்து தம்பி, எல்லாம் கருகிப்போச்சு." அப்புறம் வரிசையாக மற்றவர்கள். போட்டியில் எங்களுக்கு இரண்டாம் பரிசு. அந்தப் பரிசுப் பணம் முழுவதும் வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்கவும், நர்சரியில் நாற்று வாங்கிக் கொடுக்கவுமே சரியாகப் போனது. பணம் போனதைவிட, அந்த அக்கா அப்புறம் எங்களிடம் எதுவுமே வாங்கவில்லை என்பதுதான் உறுத்தல்.

நடந்தது இதுதான். குவியல் முதலில் 55 முதல் 65 டிகிரி வரை சூடாகும். களை விதையும் நோய்க்கிருமியும் சாவது அந்தச் சூட்டில். சூடு இறங்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஈரம் வற்றினாலும் சூடு இறங்கும். தண்ணீர் தெளித்துக் கிளறினால் மறுபடி ஏறும். அப்படி ஏறினால் அது இன்னும் வேகாத சோறு. அதைத் தொட்டியில் போட்டால் நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை அங்கே தொடரும், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். கூடவே அம்மோனியாவும் புளிப்பு அமிலங்களும் இளம் வேரைத் தாக்கும்.

சூடு அடங்கிய பிறகு நிழலில் குறைந்தது ஒரு மாதமாவது ஆற வேண்டும், அதாவது மிச்சமிருப்பதும் மக்கி முடிய வேண்டும். தென்னைநார்த் தூள் கலந்திருந்தால் இன்னும் கூடும், அது சீக்கிரம் மக்காது. நான் இப்போது முழுதாக மூன்று மாதம் கணக்கு வைக்கிறேன்.

ஆறிவிட்டதா என்று பார்க்க லேப் வேண்டாம். ஒரு பிடி உரத்தை நனைத்து, ஜிப் கவரில் இறுக மூடி மூன்று நாள் வையுங்கள். திறந்தால் மழை பெய்த மண் வாசம் வர வேண்டும். புளிச்ச வாடையோ மூத்திர வாடையோ வந்தால் விற்காதீர்கள். இன்னொன்று, ஒரு தட்டில் வெறும் தோட்ட மண், இன்னொரு தட்டில் பாதி மண் பாதி உரம். இரண்டிலும் 20 வெந்தயம் போட்டு, ஐந்தாம் நாள் முளையை எண்ணுங்கள். உரத் தட்டில் குறைந்தால் இன்னும் ஆறவில்லை.

மாணவர்கள் இதில் மாட்டுவதற்குக் காரணம் அவசரம் மட்டுமில்லை, செமஸ்டர். ஜூலையில் குவியல் போட்டு செப்டம்பர் போட்டியில் பையைக் காட்ட நினைக்கிறார்கள். போட்டிக்குக் குவியலையே கொண்டுபோய்க் காட்டுங்கள், தப்பே இல்லை. பையை டிசம்பரில் அடைத்துக்கொள்ளலாம்.

தட்டுக் கழிவும் காய்கறித் தோலும் ஒன்று என்று நினைப்பது

தட்டில் மிஞ்சும் சாம்பாரிலும் ஊறுகாயிலும் உப்பு இருக்கிறது. உப்பு மக்காது; குவியல் சுருங்கச் சுருங்க அதன் அடர்த்தி கூடும். மண்புழுத் தொட்டியில் அதைக் கொட்டினால் புழு சுவரேறி ஓடும். கழுவாத தென்னைநார்த் தூளிலும் உப்பு உண்டு, இரண்டையும் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். மத்திய அரசின் 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்தின் உப்புக்கு வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை. சமையல்கட்டுத் தோலுக்குத் தனி டிரம் வையுங்கள். தட்டுக் கழிவை நீர் வடித்து, நிறையச் சருகோடு கொஞ்சமாகச் சேருங்கள்.

ஸ்டார்ட்டர் பொடி

சாணிக் கரைசல் போதும்.

மே மாதம்

குழு ஊருக்குப் போகும். மண்புழு போகாது.

கடைசி ஆண்டு மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு

வேண்டாம்.

அன்று அந்தக் கடையில் ஒரு கிலோ வாங்கி வந்து, ஒரு பிடியை ஜிப் கவரில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தேன். வாடையைப் போட்டோ எடுத்து அனுப்ப முடியாதே, அதனால் போன் செய்து விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்ட பையன் கடைசியில் கேட்டான்: "வியாழக்கிழமை போட்டிண்ணா. அதுக்குள்ள சரியாயிடுமா?"