அமிட்ரிப்டிலின்: பெயரோடு எண்ணையும் பாருங்கள்

அமிட்ரிப்டிலின் 1961-லேயே மனச்சோர்வு மருந்தாகப் புழக்கத்துக்கு வந்தது. டிரைசைக்ளிக் என்னும் பழைய வகையைச் சேர்ந்தது. ஆனால் இன்று இதைச் சாப்பிடுகிறவர்களில் பலருக்கு மனச்சோர்வே இருக்காது. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்களுக்கும், அக்கி ஆறியபிறகும் வலி நிற்காதவர்களுக்கும், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறவர்களுக்கும் இதே மாத்திரையைத்தான் எழுதுகிறார்கள். நரம்பு வழியே போகும் வலியை அது தணிக்கிறது. 'எனக்கு எதற்கு மனநோய் மாத்திரை?' என்று பாதியில் நிறுத்திவிட வேண்டாம்.

வலிக்கும் மனச்சோர்வுக்கும் அளவு வேறு. வலிக்கு இரவில் 10 மி.கி.யில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். பெரும்பாலும் 75-க்குள் நின்றுவிடும். மனச்சோர்வுக்கு நாளொன்றுக்கு 50-இல் தொடங்கி 150 வரை போகலாம். முதியவர்களுக்கு 10 அல்லது 25-இல்தான் தொடக்கம். கடையில் 10, 25, 50, 75 என எல்லா அளவிலும் கிடைக்கிறது. பத்து மாத்திரை அட்டையில் ஐந்தை வெட்டி வாங்கினால், பெயரும் எண்ணும் இல்லாத துண்டு கைக்கு வரக்கூடும். 10-க்குப் பதில் 75 வந்திருந்தால் மறுநாள் காலை எழவே முடியாது. முழு அட்டையாக வாங்குங்கள். பெயருக்கு அடுத்து உள்ள எண்ணைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில அட்டைகளில் இதோடு குளோர்டயசெபாக்சைடும் சேர்ந்திருக்கும். அது பழக்கத்துக்கு அடிமையாக்கும் வேறு மருந்து. சீட்டில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

இரவு ஒரே வேளை என்று எழுதியிருந்தால், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சாப்பிடுங்கள். காலையில் தலை கனத்தால் முந்தின இரவு ஏழு, எட்டு மணிக்கே சாப்பிட்டுப் பார்க்கலாம். இரவு மறந்துவிட்டால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

முதல் வாரம்தான் சோதனை. பக்கவிளைவு முதல் நாளே வரும்; பலன் தாமதமாக வரும். தூக்கம் சில நாளில் சரியாகும். வலி குறைய ஓரிரு வாரமாவது ஆகும், மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். 'ஐந்து நாளாச்சு, ஒன்றும் கேட்கவில்லை' என்று விடுகிறவர்கள் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் போகிறார்கள்.

உமிழ்நீர், குடல், சிறுநீர்ப்பை ஆகியவற்றை இயக்கும் அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருளை இந்த மருந்து தடுக்கிறது. வாய் உலர்வதும் மலம் இறுகுவதும் பார்வை மங்குவதும் அதனால்தான். வாய் உலர்ந்தால் தண்ணீரை அடிக்கடி சிறு மடக்காகக் குடியுங்கள். மிட்டாய் சப்பினால் உமிழ்நீர் இல்லாத வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். சர்க்கரை நோயாளிகள் இந்த வறட்சியைச் சர்க்கரை ஏறியதாக நினைத்துப் பயப்படுவதுண்டு; சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், தண்ணீர் போதவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவு ஒன்றுக்குப் போக எழும்போது கவனம். எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கழிப்பறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது முதியவர்களுக்கு நேரும் ஆபத்து. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, இரண்டு நிமிடம் கழித்தே நில்லுங்கள். மந்தம் தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. மது இந்த மந்தத்தைப் பலமடங்காக்கும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. இதயத்துடிப்புக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீக்கம், வலிப்பு, மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் இருமுனைக் கோளாறு இவற்றில் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். இசிஜி எடுத்துப் பார்த்தபின் தொடங்குவது நல்லது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கண் சிவந்து கடுமையாக வலித்தாலோ, நெஞ்சு படபடத்து மயக்கம் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கூடச் சாப்பிடும் மருந்துகளில் டிரமடால் கலந்த வலி மாத்திரை வலிப்பைத் தூண்டலாம். ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் ரத்தத்தில் அமிட்ரிப்டிலின் அளவை ஏற்றிவிடும். ஃப்ளூவாக்செட்டினை நிறுத்தி ஐந்து வாரம் வரை அந்தத் தாக்கம் இருக்கும். லினெசோலிட் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியோடு சேரவே கூடாது. சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமினும் வயிற்று வலிக்கு வாங்கும் டைசைக்ளோமினும் வாய் வறட்சியையும் மலச்சிக்கலையும் கூட்டும். முதியவர்களுக்கு மனக்குழப்பமே வரலாம்.

சரியாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கமின்மை, கெட்ட கனவு, எரிச்சல் வரும். நோய் திரும்பிவிட்டதாகத் தோன்றும். அது நிறுத்தியதன் விளைவு. மருத்துவர் சொல்லும் படிகளில், குறைந்தது நான்கு வாரத்தில் குறைத்து நிறுத்துங்கள்.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, தொடங்கிய முதல் வாரங்களிலும் அளவு மாறும்போதும் சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்கலாம். வீட்டார் பக்கத்தில் இருங்கள், வெளிப்படையாகக் கேளுங்கள். மாத்திரையை வேறொருவர் பூட்டி வைத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்துத் தரட்டும். இந்தியாவில் டெலி மானஸ் 14416 எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கும்.

அளவு மீறினால் இந்த மருந்து இதயத்தைத் தாக்கும். சின்னக் குழந்தைக்கு ஓரிரு மாத்திரையே ஆபத்தாகலாம். நன்றாகத்தானே பேசுகிறார் என்று காத்திருக்க வேண்டாம். சில மணி நேரத்தில் நிலை தலைகீழாக மாறும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐ அழையுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மி.கி., எத்தனை குறைகிறது என்பதுதான் அவசரப் பிரிவில் முதலில் கேட்கும் கேள்வி.