அம்மப்பாவின் பீரங்கிப் படையைத் தேடும் வழி

என் அம்மப்பா சிலோன் கரிசன் ஆர்ட்டிலரியில், அதாவது பிரிட்டிஷ் கால இலங்கையின் பீரங்கிப் படையில், இருந்தவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், முதலில் படையின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1888-இல் அது தொண்டர் பீரங்கிப் படையாகத்தான் (சிலோன் ஆர்ட்டிலரி வாலண்டியர்ஸ்) தொடங்கியது; இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

கொழும்புச் சுவடிக்கூடத்தில் பழைய பத்திரிகைகளையும் வர்த்தமானியையும் (அரசிதழ்) கேளுங்கள். அதிகாரிகளின் நியமனங்கள் வர்த்தமானியில் கிடைக்கும். அப்புறம் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம்.

1942 மே 8 இரவு இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவில் இந்தப் படையினர் சிலர் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு எதிராகச் செய்த கலகத்தை ஒதுக்கிவிடாதீர்கள். அதற்காகத் தூக்கிலிடப்பட்ட மூவரும் இந்தப் படையினர். அவர்களை விட்டு எழுதும் வரலாறு அரைகுறைதான்.

வீட்டுப் படங்களை லேமினேட் செய்யவே கூடாது, செலோடேப்பும் ஒட்டக்கூடாது. 600 டிபிஐ (dpi) தெளிவில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். முகங்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்களிடம் இந்த வாரமே போங்கள்.