வறுமைக் கணக்கிலும் பாலின பட்ஜெட்டிலும் சறுக்கும் இடங்கள்

2025இல் சிங்கப்பூர் அரசாங்கம், கடைகளில் பணம்போலச் செலவழிக்கும் பற்றுச்சீட்டை இரண்டு விதமாகக் கொடுத்தது. சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) வழியாக வந்த பற்றுச்சீட்டு வீட்டுக்கு: மே மாதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டில் யாராவது ஒருவர், அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாகப் போய்ப் பெற்றுக்கொண்டால் போதும், இணைப்பு அவர் கைப்பேசிக்கு வந்துவிடும். அதை மற்றவர்களுக்கு அனுப்புவதும் அனுப்பாததும் அவர் பாடு. நாட்டின் 60ஆம் ஆண்டையொட்டி வந்த எஸ்ஜி60 பற்றுச்சீட்டு தலைக்கு: 21 வயதை எட்டிய குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 600 வெள்ளி, 60ஐ எட்டியவர்களுக்கு 800.

இரண்டாவது வகையில் எத்தனை பெண்களுக்குப் பணம் போனது, எந்த வயதுப் பெண்களுக்குப் போனது என்று அரசாங்கத்தால் ஒரே நாளில் சொல்லிவிட முடியும். முதல் வகையில் அது நடக்காது. வீட்டுக்கு என்று கொடுத்தது வீட்டுக்குள் யார் கையில் தங்கியது என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. வறுமை குறைகிறதா, அரசாங்கச் செலவு பெண்களைச் சேர்கிறதா (பாலின பட்ஜெட் கேட்பது இதைத்தான்) என்று கண்காணிப்பதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடத்தில்தான் தொடங்குகின்றன என்பது என் எண்ணம். சமூக அமைப்புகளில் தொண்டூழியம் செய்பவர்கள், கொள்கை படிக்கும் மாணவர்கள், நாடாளுமன்ற விவாதத்தை ஆர்வமாகப் பார்ப்பவர்கள் எல்லாரும் இந்தத் தவறுகளில் ஏதாவது ஒன்றைச் செய்கிறோம். அமைச்சுகளும் விதிவிலக்கல்ல.

வறுமைக் கோட்டை இரண்டு வேலைக்கும் போட்டுக் குழப்புவது

சிங்கப்பூருக்கு அதிகாரபூர்வமான வறுமைக் கோடு இல்லை. ஏன் இல்லை என்று 2013இல் அப்போதைய சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சர் சான் சுன் சிங் விளக்கினார். ஒரே கோடு போட்டால் அதற்கு ஒரு வெள்ளி மேலே இருப்பவர் எதுவும் கிடைக்காமல் நின்றுவிடுவார்; அதைவிட குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக உதவி இருப்பது நல்லது என்பது வாதம். உதவி கொடுப்பதற்கு இது நியாயமான வாதம்தான். காம்கேர் நிதியுதவி, சம்பளம் குறைந்தவர்களுக்கான வேலைநலன், வாடகை வீடு என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வரம்பு இருப்பதில் அர்த்தம் உண்டு.

ஆனால் யாருக்கு உதவுவது என்ற முடிவு ஒன்று. போன வருடத்தைவிட இந்த வருடம் நிலைமை தேவலையா என்று பார்ப்பது இன்னொன்று. முதலாவதற்குக் கோடு வேண்டாம் என்பதால் இரண்டாவதற்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. அளக்கும் கோட்டை வைத்து யாருடைய விண்ணப்பத்தையும் நிராகரிக்கப் போவதில்லை.

கோடு இருப்பதாலேயே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். மலேசியா ஒரு குடும்பத்துக்கு மாதம் 980 ரிங்கிட் என்ற கோட்டை வைத்திருந்தது. அதன்படி 2016இல் வறுமை வெறும் 0.4 விழுக்காடு. 2019 ஆகஸ்டில் அங்கே வந்த வறுமை குறித்த ஐநா சிறப்பு அதிகாரி ஃபிலிப் ஆல்ஸ்டன் இதைக் கடுமையாக விமர்சித்தார். 2020இல் அரசாங்கம் கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. 2019க்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடு என்றானது. இதில் மலேசியப் புள்ளிவிவரத் துறை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லியாக வேண்டும்: புதிய முறையை 2016க்கும் போட்டுப் பார்த்து 7.6 விழுக்காடு என்று வெளியிட்டது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் வறுமை 0.4இலிருந்து 5.6க்கு எகிறிவிட்டது என்று படித்திருப்போம். உண்மையில் அது 7.6இலிருந்து இறங்கியிருந்தது. முறையை மாற்றுங்கள், தாராளமாக மாற்றுங்கள். பழைய வருடத்தையும் புது முறையில் எண்ணிக் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

நம் ஊரில் இந்த இடைவெளியை ஆய்வாளர்கள் நிரப்பப் பார்த்திருக்கிறார்கள். குறைந்தபட்ச வருமானத் தரநிலை ஆய்வு, தனியாக வாழும் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு மாதம் 1,379 வெள்ளி தேவை என்று 2019இல் சொன்னது. பிள்ளைகள் இருவர் உள்ள தம்பதிக்கு 6,426 வெள்ளி என்று 2021இல் சொன்னது. அடிப்படைத் தேவைகளை அது சரியாகக் காட்டவில்லை என்று நிதி அமைச்சு மறுத்தது. மறுக்கட்டும். வருமானம் குறைந்த குடும்பங்களின் போக்கு பற்றிச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு 2024 நவம்பரில் முதன்முறையாக ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் உள்ள அதே அளவுகள் வருடாவருடம் மாறாமல் வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பது நம் வேலை.

வீட்டின் வருமானத்தைத் தலைக்கு வகுத்துவிட்டு நிம்மதியாவது

ஓர் உதாரணம். உட்லண்ட்சில் நாலறை வீடு. கணவர், மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள். கணவர் சம்பளம் 6,000 வெள்ளி. தலைக்கு 1,200. கணக்குப்படி மனைவிக்கும் மாமியாருக்கும் ஆளுக்கு 1,200 வெள்ளி வருமானம் இருக்கிறது. நிஜத்தில் அந்த இருவர் பெயரிலும் ஒரு வெள்ளிகூட வருவதில்லை. சம்பளத்திலிருந்து ஓய்வுக்காலத்துக்குச் சேரும் மத்திய சேமநிதியில் மனைவியின் கணக்கு திருமணத்துக்கு முன் பார்த்த வேலையோடு நின்றிருக்கும். மாமியாருடைய கணக்கில் அநேகமாக ஒன்றும் இருக்காது. கணவர் நல்லவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால், அல்லது நாளை அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பெண்களுடைய ஏழ்மை ‘திடீரென்று’ வந்ததாகப் பதிவாகும். அது எப்போதோ வந்துவிட்டது; எண்ணும் முறைதான் மறைத்துவைத்திருந்தது.

வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜினி எண்ணும் (சிறிதாக இருந்தால் ஏற்றத்தாழ்வு குறைவு) வீட்டு வருமானத்தில்தான் நிற்கிறது. 2024க்கான எண் 0.435, வரியையும் அரசாங்க உதவிகளையும் சேர்த்தால் 0.364. நல்ல இறக்கம். ஆனால் தலைப்புச் செய்தியான அந்த எண், ஒருவராவது வேலை பார்க்கும் வீடுகளை வைத்துக் கணக்கிடப்பட்டது. ஓரறை வாடகை வீட்டில் வேலையில்லாமல் தனியாக இருக்கும் பாட்டி அதில் இல்லை. ஜினி குறைந்தது என்றால் வறுமை குறைந்தது என்று எழுதிவிடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு கூட்டமும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. சிங்கப்பூரில் இல்லப் பணிப்பெண்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்கள் வேலை செய்யும் வீட்டிலேயே தங்குகிறார்கள், ஆனால் அவர்கள் சம்பளம் அந்த வீட்டின் வருமானத்தில் சேராது. அது சரியான முடிவுதான். சேர்த்தால் கணக்கு இன்னும் கோணலாகும். தனியாக வேறு எங்காவது எண்ணுகிறோமா என்பதே கேள்வி. முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் பெரும்பகுதி இவர்கள் தலையில்தான் இருக்கிறது. இவர்களை விட்டுவிட்டுப் பராமரிப்புச் செலவை மதிப்பிட்டால் வருவது பாதிக் கணக்கு.

பெண்கள் பெயர் உள்ள திட்டங்களைக் கூட்டிவிட்டு ‘பாலின பட்ஜெட்’ என்பது

இதற்கு இந்தியா நல்ல பாடம். 2005-06 முதல் மத்திய பட்ஜெட்டோடு பாலின அறிக்கை ஒன்று வருகிறது. முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி, குறைந்தது 30 விழுக்காடு பெண்களுக்குப் போகும் திட்டங்கள் இன்னொரு பகுதி. இத்தனை வருடம் விடாமல் வெளியிடுவது சாதாரண விஷயமில்லை. ஆனால் முதல் பகுதியின் பெரும் தொகை பிரதமர் வீட்டு வசதித் திட்டத்திலிருந்து வருகிறது. வீடு மனைவி பெயரில் அல்லது இருவர் பெயரிலும் பதிவாவதால் மொத்தச் செலவும் ‘100 விழுக்காடு பெண்களுக்கு’ என்று ஏறிவிடுகிறது. அந்த வீட்டில் கணவரும் பிள்ளைகளும்கூடத்தானே குடியிருக்கிறார்கள்? பத்திரத்தில் பெண் பெயர் இருப்பது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. அதற்காக முழுத் தொகையையும் பெண்கள் கணக்கில் எழுதுவது அலங்காரம்.

பெண்கள் பெயரே இல்லாத இடத்தில்தான் உண்மையான பாலின பட்ஜெட் வேலை இருக்கிறது: வரியில், பேருந்துத் தடத்தில், சேமநிதி விதிகளில். பெயர் இருந்தாலும்கூட எந்தப் பெண்ணுக்கு என்று பார்க்க வேண்டும். வேலை பார்க்கும் தாய்மாருக்கான பிள்ளை வரிக் கழிவை எடுத்துக்கொள்வோம். கழிவுத் தொகைக்கு வரி கட்ட வேண்டியதில்லை. முன்பு இருந்த முறையில் முதல் பிள்ளைக்குத் தாயின் சம்பாத்தியத்தில் 15 விழுக்காடு கழிவு. வருடம் 1,50,000 வெள்ளி சம்பாதிக்கும் தாய்க்குக் கழிவு 22,500. அந்தத் தொகைக்கு அவருடைய வரி விகிதம் 15 விழுக்காடு என்பதால் வரியில் மிச்சம் 3,375 வெள்ளி. வருடம் 30,000 சம்பாதிக்கும் தாய்க்குக் கழிவு 4,500; விகிதம் 2 விழுக்காடு; மிச்சம் 90 வெள்ளி. மற்ற கழிவுகளையும் சேர்த்தால் அந்த 90ம் தேறாது. இரண்டுமே ‘தாய்மாருக்கான செலவு’ என்ற ஒரே வரியில் போய் உட்கார்ந்திருக்கும்.

2024 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இது மாறிவிட்டது. முதல் பிள்ளைக்கு 8,000 வெள்ளி என்று எல்லாத் தாய்மாருக்கும் ஒரே தொகை. அதே இருவருக்கும் போட்டால் மிச்சம் 1,200ம் 160ம். இடைவெளி இன்னும் இருக்கிறது, ஆனால் எவ்வளவு சுருங்கிவிட்டது பாருங்கள். மகளிர் திட்டம் எதையும் புதிதாக அறிவிக்காமல் ஒரு வரி விதியைத் திருத்தியே செய்த வேலை இது. இந்த மாதிரிக் கணக்கை ஒவ்வொரு விதிக்கும் போட்டுப் பார்க்கத் தெரிந்த நாலு அதிகாரிகள் நிதி அமைச்சில் இருந்தால், அதுதான் பாலின பட்ஜெட் போடும் திறன்.

ஓய்வுக்கால இணைச் சேமிப்புத் திட்டத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2025 முதல், சேமநிதியில் போதிய தொகை இல்லாத மூத்தவர் கணக்கில் யார் பணம் போட்டாலும் வருடத்துக்கு 2,000 வெள்ளி வரை அரசாங்கம் வெள்ளிக்கு வெள்ளி சேர்க்கிறது. மேலே சொன்ன மாமியார் மாதிரி ஆட்களுக்குப் பொருத்தமான திட்டம். ஆனால் முதலில் பணம் போட வீட்டில் யாராவது இருக்க வேண்டும். பிள்ளைகளே தடுமாறும் வீட்டில் அந்த 2,000 வராது. மொத்தம் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்ற எண் இதைக் காட்டாது. வீட்டு வகை, பாலினம், வயது என்று பிரித்தால் காட்டும்.

சின்ன எண்ணைப் பிடித்துக்கொள்வது

2023இல் முழுநேர வேலையில் இருக்கும் ஆண், பெண் சம்பள இடைவெளி 14.3 விழுக்காடு, தொழில், வயது, படிப்பு முதலியவற்றைச் சமப்படுத்திப் பார்த்தால் 6 விழுக்காடு என்றது மனிதவள அமைச்சு. ‘உண்மையான இடைவெளி 6தான்’ என்று பேசுகிறார்கள். பெண்கள் சம்பளம் குறைந்த தொழில்களில் ஏன் குவிகிறார்கள் என்பதே பாதிப் பிரச்சினை. அதைக் கழித்துவிட்டு மீதியை உண்மை என்பது என்ன நியாயம்? இரண்டு எண்களும் வேண்டும்.

பயிலரங்கு நடத்தினால் திறன் வந்துவிடும் என்று நம்புவது

இது பெரும்பாலும் வளரும் நாடுகளின் கதை என்றாலும் இங்கேயும் பொருந்தும். பாலின பட்ஜெட்டை முதலில் செய்த நாடு ஆஸ்திரேலியா, 1984இல். நாற்பது வருடத்தில் எத்தனையோ நாடுகள் பயிற்சி கொடுத்தன, கையேடு போட்டன. பல இடங்களில் பயிற்சி பெற்ற அதிகாரி வேறு துறைக்கு மாற்றலானதும் எல்லாம் நின்றது. பொறுப்பை மகளிர் அமைச்சிடம் கொடுத்துவிட்டு நிதி அமைச்சு ஒதுங்கிக்கொள்வது இன்னொரு வாடிக்கை. பணம் கேட்டு வரும் அமைச்சுகளுக்கு நிதி அமைச்சு வருடாவருடம் அனுப்பும் சுற்றறிக்கையில் ‘பயனாளிகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை’ என்ற கட்டம் கட்டாயமாக இருந்தால்தான் மற்றவர்கள் தரவு சேர்க்கவே தொடங்குவார்கள். பட்ஜெட் போடும்போது ஆண்-பெண் சமத்துவத்தைக் கவனிக்க வேண்டும் என்று ஆஸ்திரியா அரசியலமைப்பிலேயே எழுதி வைத்தது. எழுதிவைத்தபடி நடக்கிறதா என்று பார்க்கத் தணிக்கையும் வேண்டும். ஒதுக்கியதையும் செலவழித்ததையும் ஒப்பிடாத நாடுகளில் என்ன ஆகும் என்பதற்கு பெண்கள் பாதுகாப்புக்கான இந்தியாவின் நிர்பயா நிதி உதாரணம்: 2013இல் 1,000 கோடி ரூபாயோடு அறிவித்தார்கள், பல வருடம் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது.

சிங்கப்பூரில் தரவுக்குப் பஞ்சமில்லை. சிங்பாஸ், சேமநிதி, வரி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) என்று எல்லாமே அடையாள எண்ணோடு கட்டப்பட்டவை. 2022இல் பெண்கள் மேம்பாடு பற்றிய வெள்ளை அறிக்கை 25 செயல்திட்டங்களோடு நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எந்த வருமானப் பிரிவுப் பெண்ணைச் சேர்ந்தது என்று ஒரே அட்டவணையில் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கை அல்ல.

பட்ஜெட்டுக்கு முன், அரசாங்கத்தின் கருத்துத் திரட்டும் பிரிவான ரீச் மக்களிடம் கருத்துக் கேட்கும். ‘பெண்களுக்கு இன்னும் செய்யுங்கள்’ என்று எழுதினால் நன்றி தெரிவித்து ஒரு பதில் வரும், அவ்வளவுதான். இப்படி எழுதிப் பாருங்கள்: ஓய்வுக்கால இணைச் சேமிப்பில் பணம் சேர்ந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர், தகுதி இருந்தும் ஒரு வெள்ளிகூடப் போடப்படாத கணக்குகள் எத்தனை?