பொறியியல் படித்தவர் பொருளாதார பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க: ஒரு கையேடு

பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம். அவருக்கு அந்தப் பரிசு 2009இல் கிடைத்தது. ஆனால் இளம்வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பொருளாதார முனைவர் படிப்புக்கு அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இளங்கலையில் போதிய கணிதம் படிக்கவில்லை என்பதே காரணம். அரசியல் அறிவியலுக்குப் போய்த்தான் முனைவர் ஆனார். மறுபக்கம், இளங்கலையில் இயற்பியல் படித்த டேனியல் மெக்ஃபேடன் 2000இல் அதே பரிசைப் பெற்றார். பட்டத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பது அமெரிக்கத் துறைகளுக்குப் பெரிய விஷயம் இல்லை. கணிதம்தான் விஷயம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் பெரும்பாலும் முதுகலை முடித்துவிட்டுத்தான் பிஎச்.டி.க்குப் போக முடியும், அமெரிக்காவில் பி.இ. முடித்தவரும் நேராக விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கைக் குழுவுக்கு இரண்டு கவலைகள். முதல் ஆண்டு மைக்ரோ (நுண்பொருளியல்), மேக்ரோ (பேரியல் பொருளியல்), எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல்) பாடங்களையும் அவற்றின் தகுதித் தேர்வுகளையும் இவர் தாண்டுவாரா? ஆராய்ச்சி எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துதான் வருகிறாரா? பொருளாதாரத்தில் உங்களுக்கு எவ்வளவு ஆர்வம் என்று பக்கம் பக்கமாக எழுதினாலும் இந்த இரண்டுக்கும் அது பதில் ஆகாது. விண்ணப்பத்தின் ஒவ்வொரு தாளும் இவற்றில் ஒன்றுக்காவது சான்று தர வேண்டும்.

கணிதத்தில் நான்கு பாடங்கள் கட்டாயம்: பல மாறிகள் கொண்ட கால்குலஸ், லீனியர் ஆல்ஜிப்ரா, நிகழ்தகவும் புள்ளியியலும், ரியல் அனாலிசிஸ். முதல் மூன்றும் பொறியியல் பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும். நான்காவதுதான் சிக்கல். பொறியியலின் எம்-1, எம்-2 கணிதத் தாள்களில் படித்தது விடை கண்டுபிடிக்கும் கணிதம். ரியல் அனாலிசிஸ் ஒரு கூற்றை எப்சிலான், டெல்டா வைத்துப் படிப்படியாக நிறுவும் கணிதம். முதல் ஆண்டு மைக்ரோ முழுக்க அந்த மொழியில்தான் நடக்கும் என்பதால், இந்த ஒரு பாடத்தின் கிரேடைக் குழு தேடிப் பார்க்கிறது. அது இல்லாத விண்ணப்பம், ஒன்பதுக்கு மேல் சி.ஜி.பி.ஏ. இருந்தாலும் சந்தேகத்தோடுதான் படிக்கப்படும்.

வேலையில் இருந்துகொண்டே இதைப் படிக்க வழி உண்டு. முதலில் ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டி.இ.எல்.லில் ரியல் அனாலிசிஸ் எடுத்து, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதுங்கள். நிறுவல் கணிதம் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தச் சான்றிதழ், பல்கலைக்கழக டிரான்ஸ்கிரிப்டுக்கு (அதிகாரப்பூர்வ மதிப்பெண் பட்டியலுக்கு) ஈடாகாது. கையில் பணம் இருந்தால் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நெட்மேத், ஹார்வர்டு எக்ஸ்டென்ஷன் ஸ்கூல் போன்றவற்றில் கிரேடும் கிரெடிட்டும் தரும் பாடங்களைப் பாருங்கள். இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் முதுகலை இதையெல்லாம்விட வலுவானது. பொறியியல் பட்டதாரிகளும் அதற்கு விண்ணப்பிக்கலாம், நுழைவுத் தேர்வில் கணிதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எம்.ஐ.டி.யின் இணையவழிச் சான்றிதழ்த் தொடரான மைக்ரோமாஸ்டர்ஸ், வளர்ச்சிப் பொருளாதாரத்துக்குள் நுழைய நல்ல வாசல். அதிலிருந்து அங்கேயே முதுகலைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ரியல் அனாலிசிஸின் இடத்தை அது நிரப்பாது.

பழைய அரியர்களைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட வேண்டாம். முதலாண்டு வேதியியலில் விழுந்த அரியரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கணிதத் தாளில் விழுந்தது என்றால், அதைவிடக் கடினமான கணிதப் பாடத்தில் பிற்பாடு எடுத்த நல்ல கிரேடுதான் மறுமொழி. பத்துக்கு என்று உள்ள மதிப்பெண்ணை நீங்களே நான்குக்கு மாற்றாதீர்கள். விண்ணப்பத்தில் வேறு மாதிரி கேட்காதவரை, இருப்பதை இருக்கிறபடியே கொடுங்கள். ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்கும் துறைகளில், அதன் கணிதப் பகுதியான குவாண்டில் 170க்கு 167க்குக் கீழே என்றால் மறுபடி எழுதுவது நல்லது. 21 நாள் இடைவெளியில் திரும்ப எழுதலாம், மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லும். உயர்ந்த மதிப்பெண் மட்டும் இடம் வாங்கித் தராது. குறைந்த மதிப்பெண் உங்களை வெளியே தள்ளிவிடும்.

வேறு துறையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் பரிந்துரைக் கடிதங்கள். மூன்று வேண்டும். கல்லூரி எச்.ஓ.டி.யும் ஐ.டி. நிறுவன மேலாளரும் எழுதும் "ஒழுக்கமானவர், கடுமையாக உழைப்பவர்" வகைக் கடிதத்தால் பயன் இல்லை. "நான் முன்பு பிஎச்.டி.க்கு அனுப்பிய இன்னாரோடு ஒப்பிட்டால் இவர் இந்த இடத்தில் நிற்கிறார்" என்று சொல்லக்கூடிய பொருளாதார ஆய்வாளர் குறைந்தது ஒருவர், முடிந்தால் இருவர் வேண்டும். மூன்றாவது, நிறுவல் கணிதம் நடத்திய பேராசிரியராக இருக்கலாம். "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருப்பதைப் படிப்பவர் கண்டுகொள்வார். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். பேராசிரியரின் சொந்த ஜிமெயிலை விட நிறுவன மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பதே முறை.

இப்படிப்பட்ட கடிதம் எழுதுபவர் எங்கே கிடைப்பார்? ப்ரீடாக் வேலையில். பேராசிரியர் ஒருவரிடம் ஓரிரு ஆண்டுகள் முழுநேர ஆய்வு உதவியாளராக இருப்பதுதான் ப்ரீடாக். அமெரிக்கப் பொருளாதார ஆய்வு அமைப்பான என்.பி.இ.ஆர். தளத்திலும் ப்ரீடாக் கூட்டமைப்பின் தளத்திலும் அறிவிப்புகள் வரும். வெளிநாட்டு வேலை என்றால் விசா தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வறுமை ஒழிப்புத் திட்டங்களை ஆராயும் ஜே-பால் தெற்காசியா இந்தியாவிலேயே ஆள் எடுப்பதால் அந்தச் சிக்கல் இல்லை; களத்தில் கணக்கெடுப்பு நடத்தும் அனுபவமும் கிடைக்கும்.

ப்ரீடாக் நேர்காணலுக்கு முன் டேட்டா டாஸ்க் (தரவைப் பகுத்துக் காட்டும் தேர்வு) ஒன்று கொடுப்பார்கள். ஆர், பைத்தான் அல்லது ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் சில மணி நேர வேலை. நிரல் எழுதத் தெரிந்தவர்களும் இதில் தோற்பது தரவைச் சந்தேகிக்காததால்தான். வருமானப் பத்தியில் உள்ள 999, "பதில் இல்லை" என்பதற்கான குறியாக இருக்கலாம். அப்படியே சராசரி எடுத்தால் முடிவு கெட்டுவிடும். இரண்டு கோப்புகளை இணைக்கும் முன் அடையாள எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். தரவில் எத்தனை வரிசைகள் விடுபட்டன, ஏன் விடுபட்டன என்று எழுதிக் காட்டுங்கள். மாதிரி தரும் ஒரு குணகத்தின் (கோஎஃபிஷியன்ட்) பொருளை இரண்டு வாக்கியத்தில் தெளிவாகச் சொல்வதற்கு, சிக்கலான மெஷின் லேர்னிங் மாதிரியைவிட மதிப்பு அதிகம்.

எஸ்.ஓ.பி. எனும் நோக்க அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். சிறுவயதுக் கதையை விட்டுவிட்டு, உங்களைக் குடையும் ஆய்வுக் கேள்வியில் தொடங்குங்கள்: என்ன கேள்வி, எந்தத் தரவால் விடை தேடலாம், இதுவரை நீங்கள் செய்தது என்ன. துறை மாறிய காரணத்துக்கு மூன்று வாக்கியம் போதும், அதுவும் மன்னிப்புக் கேட்கும் தொனியில் வேண்டாம்.

பட்டியலில் 12 முதல் 15 இடங்கள் இருக்கட்டும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 75 முதல் 125 டாலர். தள்ளுபடி கேட்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி, டேவிஸ் வளாகங்களின் வேளாண் மற்றும் வளப் பொருளாதாரத் துறைகள், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுப் பொருளாதாரத் துறை, பொதுக் கொள்கைப் பள்ளிகள் ஆகியவற்றையும் சேருங்கள். வேளாண்மையோ சுற்றுச்சூழல் பொறியியலோ படித்தவருக்கு அங்கே பின்னணியே பலமாகிவிடும். கல்விக் கட்டண விலக்கோடு உதவித்தொகையும் தராத பிஎச்.டி. இடத்தை ஏற்காதீர்கள்.

கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும். பரிந்துரைப்பவர்களிடம் செப்டம்பரிலேயே பேசிவிடுங்கள். முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையுடன் வரும் இடத்துக்குப் பதில் சொல்ல வழக்கமாக ஏப்ரல் 15 வரை நேரம் உண்டு. காத்திருப்புப் பட்டியல் அதற்கு முந்தைய சில நாட்களில்தான் வேகமாக நகரும். அந்த வாரத்தில் இரவிலும் மின்னஞ்சலைப் பாருங்கள். பதில் சொல்லச் சில மணி நேரமே தரலாம்.