மண்டபத்து லேன் கேபிளிலேயே டைனிங் ஹால் டிவிக்கு வீடியோ: முதல்முறை செய்பவர்களுக்கு

மேடையில் நடக்கும் முகூர்த்தம் டைனிங் ஹாலில் இருக்கும் நான்கு டிவிகளிலும் தெரிய வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளை 10, 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் படம் விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் வரவே வராது. கேமராவுக்கும் வைஃபைக்கும் ஏற்கெனவே போட்ட லேன் இருந்தால் புதிதாகச் சுவரைக் குடைய வேண்டியதில்லை.

வாங்கும் முன்

‘லேன் கேபிளில் எச்டிஎம்ஐ’ என்று கடையில் தருவதில் இரண்டு வகை உண்டு. எச்டிபேஸ்டி போன்றவை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு நேராகப் போகும் தனிக் கேபிளுக்கு மட்டும். முனை அதேபோல இருந்தாலும் உள்ளே ஓடுவது நெட்வொர்க் டேட்டா அல்ல. லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்சில் செருகினால் படம் வராது. லேன் கேபிள் வழியே எந்நேரமும் கரண்ட் விடும் பாசிவ் பிஓஇ போர்ட்டாக இருந்தால் பெட்டியே போய்விடலாம். நமக்கு வேண்டியது ‘எச்டிஎம்ஐ ஓவர் ஐபி’. அதில் எச்.264 அல்லது எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறைகள்), மல்டிகாஸ்ட் (ஒரே வீடியோவைப் பல டிவிகளுக்கு அனுப்புவது) வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பும் பெட்டி 1, வாங்கும் பெட்டி 4, எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

1. மேஜையில் சோதனை

அனுப்பும் பெட்டியையும் வாங்கும் பெட்டி ஒன்றையும் குட்டி லேன் கேபிளால் நேராக இணைத்து, லேப்டாப்பை 1080பி-யில் வைத்து ஓட்டுங்கள். இங்கே படமும் ஒலியும் சரியாக வந்து, மண்டபத்தில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் நெட்வொர்க்கில்தான். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு ஏணியில் ஏறி இறங்குகிறார்கள்.

2. ஸ்விட்சைப் பாருங்கள்

எச்.264-இல் 1080பி படத்துக்குச் சுமார் 10 முதல் 20 எம்பிபிஎஸ் போதும். அதனால் 100 எம்பிபிஎஸ் போர்ட்டே தாங்கும். ஆனால் சிசிடிவிக்கான பிஓஇ ஸ்விட்ச் பலவற்றில் ‘எக்ஸ்டெண்ட்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைப் போட்டால் தூரம் 250 மீட்டர் வரை கிடைக்கும். வேகம் 10 எம்பிபிஎஸ் ஆகிவிடும், படம் கட்டம் கட்டமாக உடையும். அணைத்துவிடுங்கள். அதன்பின் ஒவ்வொரு கேபிளும் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

3. ஐஜிஎம்பி அமைப்பு

பெரும்பாலான தலைவலி இங்கேதான். மல்டிகாஸ்டில் ஒரே வீடியோவை நான்கு டிவியும் பகிர்ந்துகொள்ளும். ஆனால் சாதாரண ஸ்விட்சுக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது, எல்லாப் போர்ட்டுக்கும் தள்ளிவிடும். அது வைஃபை ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போனால், அங்கே மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில்தான் ஒலிபரப்பாகும் என்பதால் விருந்தினர்களின் இன்டர்நெட் முடங்கும்.

ஆகவே அமைப்பை மாற்ற வசதியுள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் போட்டு, அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்’ ஆன் செய்யுங்கள்; கேட்ட போர்ட்டுக்கு மட்டும் வீடியோவை அனுப்ப வைப்பது இதுதான். கூடவே பிரதான ஸ்விட்சில் ‘குவெரியர்’ ஆன் செய்ய மறக்காதீர்கள். வீடியோ இன்னும் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது கேட்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் படம் அழகாக ஓடிக்கொண்டிருக்கும். நான்கைந்து நிமிடத்தில் நின்றுவிடும். வழக்கமான அமைப்பில், யார் கேட்டார்கள் என்று ஸ்விட்ச் வைத்திருக்கும் பதிவு காலாவதியாகும் நேரம் 260 நொடி. பெட்டியை அணைத்துப் போட்டால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். பலர் இதைப் பெட்டியின் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

முடிந்தால் வீடியோவுக்குத் தனி விலேன் (அதே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) ஒதுக்குங்கள். அப்போது குவெரியரும் அந்த விலேனில்தான் இருக்க வேண்டும்.

4. ஐபி முகவரி

பெட்டிகளின் ஆரம்ப முகவரி ரவுட்டரின் முகவரியோடு மோதுகிறதா என்று பாருங்கள். மோதினால் மண்டப இன்டர்நெட்டே தடுமாறும்.

படம் வராவிட்டால்

வீடியோ மிக்சர் ‘1080ஐ’ (இன்டர்லேஸ்டு) வடிவில் அனுப்பினால் சில பெட்டிகள் ஏற்காது, 1080பி-க்கு மாற்றுங்கள். செட்டாப் பாக்ஸை இணைத்து, திரை மட்டும் கறுப்பாக இருந்தால் எச்டிசிபி என்னும் நகல் தடுப்புப் பூட்டு காரணமாக இருக்கலாம். கேமராவுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பெட்டிகளில் படமும் ஒலியும் நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாக வரும். மேடை மைக் சத்தம் டைனிங் ஹால் வரை கேட்கும் மண்டபமானால் நாதஸ்வரம் இரட்டையாக ஒலிக்கும். டிவிகளின் ஒலியை அணைத்துவிடுங்கள்.