ஆர்டுயினோவை வைத்துப் பழைய சிந்தசைசரை வாசிக்க வைப்பது எப்படி?

பழைய கீபோர்டு ஒன்று கைக்கு வந்தது. யுஎஸ்பி கிடையாது, பின்னால் வட்டமான 5 பின் மிடி (இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழி) சாக்கெட் மட்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டால் அதில் ஒரு 'ஸ' எழுப்ப எனக்கு மூன்று ராத்திரி ஆனது.

இரண்டு வரி முன்கதை. ஒருகாலத்தில் சிந்தசைசருக்குச் சுருதியை வோல்டேஜாக அனுப்புவார்கள். மூக் (Moog) கம்பெனி வகையில் ஒரு ஆக்டேவுக்கு 1 வோல்ட். கோர்க் எம்எஸ்-20க்கு வேறு கணக்கு, அதனால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. 1983 ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த NAMM என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜூபிட்டர்-6ஐயும் மிடி கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். நாம் பேசப்போவதும் அதே மொழிதான்.

வேண்டியவை: 5 பின் டின் (DIN, அந்த வட்ட வகை) சாக்கெட், இரண்டு 220 ஓம் ரெசிஸ்டர். ஊனோவின் 5 வோல்ட்டிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக சாக்கெட்டின் 4ஆம் பின்னுக்கு. டிஎக்ஸிலிருந்து (ஊனோ தகவலை வெளியே அனுப்பும் பின்) இன்னொரு ரெசிஸ்டர் வழியாக 5ஆம் பின்னுக்கு. கிரவுண்ட் 2க்கு.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பின்கள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்காது. ஓரத்திலிருந்து 1, 4, 2, 5, 3. நடுவில் இருப்பதுதான் 2. சரி, அதைப் பிடித்துவிட்டேன் என்று சால்டர் வைத்தால் அப்போதும் மௌனம்! நான் பார்த்து வேலை செய்த பின் படத்தில் இருந்தது சாக்கெட்டின் முகம். நான் சால்டர் வைத்தது முதுகில். இடவலம் மாறி 4ம் 5ம் இடம் மாறிவிட்டன. கீபோர்டின் மிடி இன்னுக்குள் (நம் கேபிள் போய்ச் சேரும் உள்ளீட்டு சாக்கெட்) ஒளியால் சிக்னலைக் கடத்தும் ஆப்டோ ஐசோலேட்டர் இருக்கும். திருப்பிக் கொடுத்தால் அதன் எல்இடி எரியாது. பல சாக்கெட்டுகளின் பிளாஸ்டிக்கில் பொடி எழுத்தில் எண் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஜம்பர் ஒயர் லொடலொடக்கும், சால்டர்தான் என் கட்சி.

ஊனோவில் ஏற்றும் கோடில் (புரோகிராமில்) சீரியல் வேகம் நொடிக்கு 31250 பிட். 9600 என்று கை தானாக அடிக்கும், கவனம். 1 மெகாஹெர்ட்ஸை 32ஆல் வகுத்தால் வரும் எண்தான் 31250. பிறகு மூன்று பைட்: 144 (முதல் சேனலில் நோட் ஆன்), 60 (நடு ஸி), 100 (அழுத்தம்). அரை நொடி கழித்து 144, 60, 0 அனுப்பினால் ஒலி நிற்கும். அனுப்ப 'ரைட்' கட்டளைதான்; 'பிரிண்ட்' போட்டால் எண்ணுக்குப் பதில் எழுத்துகள் போகும்.

பின்சேர்க்கை: ராஸ்பெரி பை பைக்கோ என்ற இன்னொரு போர்டில் வேலை செய்யவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். அது 3.3 வோல்ட். 4ஆம் பின்னுக்கு 33 ஓம், 5க்கு 10 ஓம் போடுங்கள். அப்புறம், ஊனோவில் அப்லோட் செய்யும்போது கீபோர்டு எதையாவது உளறினால் பயப்பட வேண்டாம், அதே டிஎக்ஸ் வழியாகத்தான் கணினிப் பேச்சும் போகிறது. மிடி கேபிளைப் பிடுங்கிவிட்டு அப்லோட் செய்யுங்கள்.