பகாவிலிருந்து பாரோய்க்கு: அரங்கில் முதன்முறையாகக் காற்பந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் காற்பந்து புதிதன்று; கோயில் திடலில் வெறுங்காலோடு பந்து உதைக்காதவர்கள் நம்மில் குறைவு. ஆனால் தொழில்முறை ஆட்டத்தை அரங்கில் நேரில் பார்ப்பதற்குச் சற்று ஆயத்தம் வேண்டும். நெகிரி செம்பிலான் அணியின் சொந்த அரங்கமான துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கம் பாரோயில் உள்ளது. கோலப்பிலா வழியாகப் புக்கிட் புத்துஸ் மலைப்பாதையைக் கடந்து செல்கிறவர்களுக்குச் சிரம்பான் நகரை எட்டும் முன்பே அது வந்துவிடும்.

நுழைவுச்சீட்டு வாங்குவதற்கு முன் வீடு திரும்பும் வழியை முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்டம் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குப் பிறகே தொடங்கும். 45 நிமிடப் பாதிகள் இரண்டு, 15 நிமிட இடைவேளை, கூடுதல் நிமிடங்கள், வாகன நெரிசல் எல்லாம் சேர்ந்தால் பதினொரு மணியைத் தொட்டுவிடும் என்பதால், அந்நேரத்தில் பேருந்தை நம்பி நிற்காமல் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே காரில் போவதே நல்லது. மறுநாள் விடியலில் ரப்பர் மரம் சீவப் போக வேண்டியவர் விடுமுறைக்கு முந்தைய நாள் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

சீட்டை இணையத்தில் வாங்கியிருந்தால் அதைக் கைப்பேசியில் படமாகச் சேமித்து, மின்கலத்தையும் நிரப்பிக்கொள்ளுங்கள். கூரையுள்ள பகுதிக்குக் கட்டணம் கூடுதல். திறந்தவெளிப் பகுதிக்குப் போகிறவர் மழையங்கி எடுத்துச் செல்ல வேண்டும், குடை பின்வரிசைக்காரரின் கண்ணை மறைக்கும். இந்த அரங்கில் திடலைச் சுற்றி ஓட்டப்பாதை இருப்பதால், கீழ்வரிசையில் அமர்ந்தால் எதிர்ப்பக்க ஆட்டம் தட்டையாகவே தெரியும். ஆகையால் நடுக்கோட்டுக்கு நேராக, மேல்வரிசையில் இடம் பிடியுங்கள். எதிரணி ஆதரவாளர்களுக்கான பகுதி தனி. அவர்களின் சட்டை நிறத்தில் உள்ளூர்க் கூட்டத்தின் நடுவே போய் அமர வேண்டாம்.

அரங்கில் வர்ணனையும் இல்லை, மறு ஒளிபரப்பும் கைக்கு எட்டாது. தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே நம் கண்ணை இழுத்துச் சென்று பழக்கிவிட்டது. இங்கே பந்தை ஒரு நிமிடம் விட்டுவிட்டு, தற்காப்பு ஆட்டக்காரர் நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல் முன்னும் பின்னும் நகர்வதையும், பந்து வராத பக்கத்தில் தாக்குதல் ஆட்டக்காரர் ஓடி இடம் உண்டாக்குவதையும் பாருங்கள். ஓப்சைட் கொடி, அதாவது பந்து தரப்படும் நொடியில் தாக்குதல் ஆட்டக்காரர் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்றதைக் காட்டும் கொடி, ஏன் உயர்ந்தது என்பது அப்போது தானாகவே விளங்கும். பந்து கைமாறும் அந்த நொடியில் எல்லாரும் திரும்பி ஓடும் வேகத்தை எந்தத் திரையும் முழுமையாகக் காட்டியதில்லை.

‘ஹோபின் ஜாங் ஹோபின்’ என்ற நெகிரி செம்பிலான் ஆதரவாளர்களின் முழக்கம் எழுந்தால் கூச்சப்படாமல் சேர்ந்துகொள்ளலாம். பக்கத்துப் பெரியவர் பழங்கதை பேசினால் கேளுங்கள். 1948இல் வென்ற மலேசியக் கிண்ணத்தை மீண்டும் தொட இம்மாநிலம் 61 ஆண்டுகள், அதாவது 2009 வரை, காத்திருந்தது. பிறகு 2011இலும் வென்றது.

நெரிசலுக்கு அஞ்சி 85ஆவது நிமிடத்திலேயே எழுந்துவிடாதீர்கள். அப்படிக் கிளம்பிய ஒருமுறை, கார்க் கதவைத் திறக்கும்போது அரங்கம் அதிர்ந்தது; யார் அடித்த கோல் என்பதைப் பகாவ் வந்து சேர்ந்த பிறகே அறிந்தேன்.